மூன்றாவது கேள்வி: ஃபிரீ பேசிக்ஸ் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2014-ஆம் ஆண்டின் கடைசி வாரங்கள். எங்கள் ஊர் பஸ் நிலையத்தை ஒட்டிய ரீசார்ஜ் கடையில் ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு மூன்று கட்டங்கள்: 'வாட்ஸ்அப் மட்டும்', 'பேஸ்புக் மட்டும்', 'முழு நெட்'. ஒரு நாள் மாலை நான் நின்றிருந்தபோது வயதான அம்மாள் ஒருவர் வந்தார். வெளிநாட்டிலிருந்து மகன் பேரனின் படத்தை அனுப்பியிருக்கிறானாம், போனில் வரவில்லையாம். "நெட் போடு தம்பி" என்றார். "எந்த நெட் அம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். நெட்டில் எத்தனை நெட் உண்டு என்று அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்? கடைக்காரரே யோசித்து முதல் கட்டத்தில் இருந்ததைப் போட்டுவிட்டார். ஐந்து நிமிடத்தில் படம் வந்தது. அந்த அம்மாள் கடையில் நின்ற எல்லோருக்கும் பேரனைக் காட்டிவிட்டுப் போனார்.

அன்று அதில் எனக்குத் தவறாக எதுவும் படவில்லை. சில மாதங்களில் அந்த அட்டையில் இருந்த விஷயம்தான், தளத்துக்குத் தளம் வேறு டேட்டா விலை என்பதுதான், நாடு முழுக்கப் பெரிய வழக்காக மூண்டது. தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய பேஸ்புக்கின் ஃபிரீ பேசிக்ஸ் சேவைதான் அதன் மையம். நீதிமன்ற வழக்கு அல்ல. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் முன் நடந்த வாதம். லட்சக்கணக்கானோர் டிராய்க்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். அதில் ஒன்று என்னுடையது. ஆகவே இதை எழுதும் நான் நடுநிலையாளன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று நாங்கள் எதிர்த்ததைச் சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் 2015 இறுதியில் டிராய் நான்கு கேள்விகள் கேட்டது. முதல் கேள்விக்குத் தொண்டை கிழியக் கத்திய நாங்கள், மூன்றாவது கேள்வியை ஏறக்குறைய வெற்றுத்தாளாகவே விட்டுவிட்டோம்.

நடந்தது என்ன

2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம் இணையவழிக் குரல் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் வசூலிக்கப்போவதாக அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்து 2015 பிப்ரவரி 10 அன்று பேஸ்புக் நிறுவனமும் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் சேர்ந்து இன்டர்நெட்.ஆர்க் என்ற சேவையை இந்தியாவில் தொடங்கின. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம், குஜராத் ஆகிய மாநிலங்களில் ரிலையன்ஸ் சிம் வைத்திருப்பவர்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பத்துச் சொச்சம் தளங்களை டேட்டா செலவில்லாமல் பார்க்கலாம். அந்தச் சேவைக்குத்தான் அதே ஆண்டு செப்டம்பரில் ஃபிரீ பேசிக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள்.

மார்ச் 27 அன்று டிராய் ஒரு கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. 118 பக்கம், 20 கேள்விகள். வாட்ஸ்அப், ஸ்கைப் போன்ற சேவைகளுக்கு உரிமம் வேண்டுமா, அவற்றுக்குத் தனிக் கட்டணம் வைக்கலாமா என்று கேட்டது. இதற்கு மூன்றே நாட்களுக்கு முன்னால், மார்ச் 24 அன்றுதான், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. பேஸ்புக்கில் எழுதியதற்காகக் கைது செய்யும் கதைகள் ஓய்ந்தன என்று மூச்சுவிட்ட கூட்டம், அந்தச் சூட்டோடு அடுத்த சண்டைக்குத் திரும்பியது.

ஏப்ரலில் 'ஏர்டெல் ஜீரோ' வந்தது. இதில் டேட்டா செலவைச் செயலி நிறுவனமே ஏர்டெல்லுக்குக் கட்டிவிடும், வாடிக்கையாளருக்கு இலவசம். பிளிப்கார்ட் அதில் சேரப்போகிறது என்ற செய்தி பரவியதும், மக்கள் அதன் செயலிக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுத் தள்ளினார்கள். ஏப்ரல் 14 அன்று பிளிப்கார்ட் விலகிக்கொண்டது. கிளியர்டிரிப்பும் வேறு சில நிறுவனங்களும் இன்டர்நெட்.ஆர்க்கிலிருந்து வெளியேறின. தன்னார்வலர்கள் நடத்திய 'சேவ் தி இன்டர்நெட்' தளத்தின் வழியாக 10 லட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்கள் டிராய்க்குப் போயின. அந்தக் கருத்துகளை எல்லாம் டிராய் தன் தளத்தில் வெளியிட்டபோது, அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் சேர்த்தே கொட்டிவிட்டது. இணைய உரிமை கேட்டு எழுதியவர்களுக்கு முதலில் கிடைத்தது விளம்பர அஞ்சல்களின் வெள்ளம்தான்.

அட்டைக்குள் என்ன இருந்தது

இந்தச் சேவையைத் திறந்து பார்க்காமலேயே இரு தரப்பிலும் நிறையப் பேர் சண்டை போட்டார்கள். அதனால் அது எப்படி இயங்கியது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

திறந்தால் ஒரு பட்டியல் வரும். தமிழிலும் வரும். வானிலை, வேலைவாய்ப்பு, கர்ப்பிணிகளுக்கான அறிவுரை, கிரிக்கெட், விக்கிப்பீடியா, பேஸ்புக். தேடுவதற்கு மைக்ரோசாஃப்டின் பிங் உண்டு. கூகுள் கிடையாது, யூடியூப் கிடையாது. எந்தப் பக்கமானாலும் எழுத்தும் சிறு படமுமாக மெலிந்துதான் வரும். காணொளிக்கும் இணையவழி அழைப்புக்கும் இடமில்லை. பக்கங்களை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓடாது. பட்டியலுக்கு வெளியே போகும் ஓர் இணைப்பைத் தொட்டால், 'இதற்குமேல் டேட்டா கட்டணம் ஆகும்' என்று ஓர் எச்சரிக்கைப் பக்கம் குறுக்கே நிற்கும். போனில் பத்து ரூபாய் மட்டுமே வைத்திருப்பவர் அந்தப் பக்கத்தைக் கண்டதும் என்ன செய்வார்? பின்பொத்தானை அழுத்துவார். அவருக்கு இணையம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இன்னொரு விஷயம் கண்ணுக்குத் தெரியாதது. அந்தப் போக்குவரத்து எல்லாம் பேஸ்புக் வைத்திருந்த இடைநிலை சர்வர் வழியாகவே போகும். கட்டணம் வசூலிக்கக்கூடாத பக்கம் எது என்று பிரித்தறிய அந்த ஏற்பாடு தேவைப்பட்டது. ஆனால் யார் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பதை ஒரே நிறுவனம் பார்க்கக்கூடிய நிலையும் அதனாலேயே வந்தது. தொடக்கத்தில் மறையாக்கப் பாதுகாப்பும் இல்லை. விமர்சனம் வந்த பிறகுதான் சேர்த்தார்கள்.

2015 மே மாதம், 'தொழில்நுட்ப விதிகளுக்கு உட்படும் எந்தத் தளமும் சேரலாம்' என்று பேஸ்புக் கதவைக் கொஞ்சம் திறந்தது. சேரக் கட்டணம் இல்லை, உள்ளே விளம்பரமும் இல்லை என்றார்கள். இரண்டும் உண்மைதான். ஆனாலும் விதியை எழுதியவர் பேஸ்புக், விண்ணப்பத்தைப் பார்த்து அனுமதிப்பவரும் பேஸ்புக், உள்ளே கடை விரித்திருப்பவரும் பேஸ்புக். கோயில் திருவிழாவுக்குக் கடை ஏலம் விடுபவரே முதல் கடையையும் போட்டுக்கொண்டால் ஊரில் என்ன பேசுவார்கள்?

இரண்டு மின்னஞ்சல்கள்

2015 டிசம்பர் 9 அன்று டிராய் இரண்டாவது அறிக்கையை வெளியிட்டது. முதல் அறிக்கையின் அலைச்சல் இதில் இல்லை; சுருக்கமானது, நான்கே கேள்விகள். தளத்துக்குத் தளம் வேறுபட்ட டேட்டா கட்டணம் வைக்க நிறுவனங்களை அனுமதிக்கலாமா என்பது முதல் கேள்வி. அனுமதித்தால் பாகுபாடு வராமல் காக்க என்ன ஏற்பாடு என்பது இரண்டாவது. அப்படி அனுமதிக்காமலே மக்களுக்கு இலவச இணையம் தர வேறு வழி உண்டா என்பது மூன்றாவது. நான்காவது, வேறு ஏதேனும் சொல்ல இருக்கிறதா என்ற சம்பிரதாயம்.

பேஸ்புக் இதைத் தேர்தல் போல நடத்தியது. செய்தித்தாள்களில் முழுப் பக்க விளம்பரம், சாலையோரங்களில் பெரிய பலகைகள். இந்தியாவில் பேஸ்புக்கைத் திறந்தவர்களுக்கு, ஃபிரீ பேசிக்ஸைக் காப்பாற்ற டிராய்க்கு எழுதுங்கள் என்று ஓர் அறிவிப்பு. பொத்தானை அழுத்தினால் ஆயத்தமாக எழுதிய கடிதம் போய்விடும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருந்த சிலருக்குக்கூட அந்த அறிவிப்பு போயிற்று. தவறுதலாக நேர்ந்தது என்றது நிறுவனம். டிசம்பர் 28 அன்று மார்க் ஸக்கர்பெர்க் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஒரு கட்டுரை எழுதினார். நூலகம், அரசு மருத்துவமனை, அரசுப் பள்ளி எல்லாம் இலவசமாக இருக்கும்போது இணையத்தின் அடிப்படைச் சேவை மட்டும் ஏன் கூடாது என்பது அவர் வாதம். ஃபிரீ பேசிக்ஸ் வழியே வந்தவர்களில் பாதிப் பேர் 30 நாட்களுக்குள் முழு இணையத்துக்குப் பணம் கட்டிச் சேர்ந்துவிடுகிறார்கள் என்றும் சொன்னார்.

டிராய்க்குச் சுமார் 24 லட்சம் கருத்துகள் வந்து குவிந்தன. பெரும்பகுதி பேஸ்புக்கின் ஆயத்தக் கடிதம். சிக்கல் என்னவென்றால், அந்தக் கடிதம் நான்கு கேள்விகளில் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்லவில்லை. ஃபிரீ பேசிக்ஸை ஆதரிக்கிறேன், அவ்வளவுதான். பொருள் தெளிந்து நடக்க வேண்டிய ஒரு கலந்தாய்வை, பெரும்பான்மைக் கணக்குப் பார்க்கும் செயற்கையான கருத்துக் கணிப்பாகச் சுருக்குகிறீர்கள் என்று 2016 ஜனவரியில் டிராய் அந்த நிறுவனத்துக்குக் காட்டமாகவே கடிதம் எழுதியது. அரசு அலுவலகக் கடிதங்களில் அப்படியொரு நடையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

நாங்கள் அனுப்பியதும் ஆயத்தக் கடிதம்தான். வேறுபாடு, அது கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொன்னது. ஆனால் எங்கள் கடிதத்தைப் படித்து அழுத்தியவர்கள் எத்தனை பேர், படிக்காமல் அழுத்தியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் நான் மழுப்பத்தான் வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம்: அந்த 24 லட்சமும் ஏற்கெனவே இணையத்தில் இருந்தவர்களின் குரல். யாருக்காக இத்தனை வாதமோ, அந்த ரீசார்ஜ் கடை அம்மாளுக்கு மின்னஞ்சலே கிடையாது. டிராய் திறந்த அரங்கக் கூட்டம் நடத்தியது, அதிலும் அவர் போன்றவர்களுக்கு இருக்கை இருந்திருக்காது.

தீர்ப்பு

2016 பிப்ரவரி 8 அன்று, ஆர்.எஸ். சர்மா தலைமையிலான டிராய், பாகுபாடான டேட்டா கட்டணங்களைத் தடைசெய்யும் ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. தளத்தின் உள்ளடக்கத்தைப் பொறுத்து எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனமும் கட்டணத்தை ஏற்றவோ இறக்கவோ கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். பேரிடர் போன்ற அவசர காலத்துக்கு விலக்கு உண்டு. அப்போதும் ஏழு வேலை நாட்களுக்குள் டிராய்க்குத் தெரிவிக்க வேண்டும். விதிகள் இரண்டு மூன்று பக்கம்தான். அவற்றோடு இணைத்த விளக்கக் குறிப்புதான் படிக்க வேண்டியது.

அதில் என்னைக் கவர்ந்த வாதம் இரண்டு. முதலாவது தொழில்நுட்பம் சார்ந்தது. இணையம் என்பது ஒரே நிறுவனத்தின் கம்பி அல்ல. ஒரு பக்கம் நம் கைக்கு வந்து சேர்வதற்குள் பலருடைய வலைப்பின்னல்களைக் கடக்கிறது. கடைசிக் கண்ணியைப் பிடித்திருப்பவர், மற்ற எல்லோருடைய உழைப்பையும் தாண்டி, எது மலிவு எது விலை அதிகம் என்று தீர்மானித்தால் முழுச் சங்கிலியின் இயல்பே மாறிவிடும். இரண்டாவது வாதம் அரசியல் சாசனத்திலிருந்து வருகிறது. அலைக்கற்றை பொதுச் சொத்து, அதைப் பயன்படுத்தும்போது பல தரப்புக் கருத்துகளும் மக்களைச் சென்றடைய வேண்டும் என்று 1995-இல் வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை டிராய் துணைக்கு எடுத்துக்கொண்டது. கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமைக்காக நடந்த வழக்கு, இருபது வருடம் கழித்து இணையத்துக்குக் கைகொடுத்தது.

மூன்று நாட்களில் பேஸ்புக் ஃபிரீ பேசிக்ஸை இந்தியாவில் மூடியது. இடையில், அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இருந்த மார்க் ஆண்ட்ரீசன், காலனிய எதிர்ப்பு இந்தியர்களுக்குப் பொருளாதாரப் பேரழிவாகவே இருந்து வந்திருக்கிறது என்ற பொருளில் ட்விட்டரில் எழுதி, வாங்கிக் கட்டிக்கொண்டு, மன்னிப்பும் கேட்டார். டிராய்க்கு ஆதரவாக நாங்கள் எழுதிய அத்தனை கட்டுரைகளும் செய்யாத வேலையை அந்த ஒரு வரி செய்தது.

நூலக வரி

ஸக்கர்பெர்க்கின் நூலக உவமைக்கு வருவோம். அதைப் பலரும் நையாண்டி செய்தார்கள். அது பதில் சொல்ல வேண்டிய உவமை என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர்க் கிளை நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கும் என்பதையும் யாரோ ஒருவர்தானே தீர்மானிக்கிறார்?

பதில் நம் வீட்டு வரி ரசீதில் இருக்கிறது. 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. அன்றிலிருந்து சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது. ஆகவே அந்த இலவசம் இலவசம் அல்ல. ஊரார் முன்கூட்டியே கட்டிவிட்டார்கள். புத்தகம் இல்லையென்றால் கேட்கலாம், சண்டை போடலாம், சட்டமன்றத்தில் எழுப்பலாம். ஃபிரீ பேசிக்ஸ் பட்டியலில் ஒரு தளம் இல்லையென்றால் எந்தக் கவுன்சிலரிடம் போய்க் கேட்பது?

தொலைத்தொடர்பிலும் இப்படியொரு 'நூலக வரி' ஏற்கெனவே இருந்தது என்பதுதான் வேடிக்கை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 சதவீதத்தை அனைவருக்குமான சேவை நிதிக்குக் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு 2002 முதல் நடப்பில் இருக்கிறது. கிராமங்களுக்குத் தொலைபேசி கொண்டுபோகத் தொடங்கிய நிதி அது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றியிருக்கிறது. மூன்றாவது கேள்விக்கான பதில் இந்த உண்டியலில்தான் இருந்தது.

டிராய் அதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. 2016 டிசம்பர் 19 அன்று ஒரு பரிந்துரையை அரசுக்கு அனுப்பியது: கிராமப்புறச் சந்தாதாரர்களுக்கு மாதம் 100 எம்பி டேட்டாவை இலவசமாகக் கொடுங்கள், செலவை அந்த நிதியிலிருந்து ஈடுகட்டுங்கள். எந்தத் தளத்துக்கும் போகலாம், எந்த நிறுவனத்தின் சிம்மும் ஆகலாம். பட்டியல் கிடையாது. அளவு சிறியதாக இருந்தாலும் அது முழு நெட். ஃபிரீ பேசிக்ஸுக்குச் சரியான மாற்று அதுவே என்று நினைக்கிறேன்.

அது நடைமுறைக்கு வரவில்லை. அதற்காக யாரும் 10 லட்சம் மின்னஞ்சல் அனுப்பவில்லை. நானும் அனுப்பவில்லை. அந்தப் பரிந்துரை வந்ததையே வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

கவனிக்காததற்குக் காரணமும் உண்டு. மூன்றரை மாதத்துக்கு முன்பே, செப்டம்பர் 5 அன்று, ஜியோ வந்துவிட்டது. 2017 மார்ச் 31 வரை டேட்டா இலவசம். 170 நாட்களில் 10 கோடி வாடிக்கையாளர்கள். போட்டிக்கு மற்ற நிறுவனங்களும் விலையை வெட்டின. எங்கள் ஊர்க் கடையில் அந்த ஸ்கெட்ச் பேனா அட்டை எப்போது காணாமல் போனது என்று யாருக்கும் நினைவில்லை. இலவச இணையம் வேண்டுமா என்ற கேள்வியே அர்த்தமற்றுப் போனதுபோல் இருந்தது. ஃபிரீ பேசிக்ஸைக் கொண்டுவந்த ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் அந்த விலைப்போரில் தாக்குப்பிடிக்க முடியாமல் செல்போன் தொழிலை விட்டே வெளியேறியது. 2020 ஏப்ரலில் பேஸ்புக் 43,574 கோடி ரூபாய் கொடுத்து ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் 9.99 சதவீதப் பங்கை வாங்கியது. முன்வாசல் அடைத்த வீட்டுக்குள் வேறு வழியாக வருவது சட்டப்படி குற்றம் அல்லவே.

எல்லாத் தளங்களையும் சமமாக நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலை, பின்னர் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் உரிமங்களிலும் ஏறியது. டிராய் 2017 நவம்பரில் பரிந்துரைத்ததை 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை ஏற்றுக்கொண்டது. உலக அளவில் வலுவான விதிகளில் ஒன்று என்று பாராட்டுக் கிடைத்தது.

வேறொரு பட்டியல்

அந்தப் பாராட்டின் ஈரம் காய்வதற்குள் காஷ்மீரில் வேறொரு பட்டியல் வந்தது. 2019 ஆகஸ்டில் இணையம் முழுவதுமாகத் துண்டிக்கப்பட்டது. 2020 ஜனவரி 10 அன்று, அனுராதா பசின் வழக்கில், இணையத்தின் வழியாகக் கருத்துச் சொல்வதற்கும் தொழில் செய்வதற்கும் அரசியல் சாசனப் பாதுகாப்பு உண்டு, காலவரையின்றி முடக்கக் கூடாது, முடக்கும் உத்தரவை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இணையம் பெறுவதே அடிப்படை உரிமையா என்பதற்குள் மட்டும் அது போகவில்லை. அடுத்த வாரம் 2ஜி வேகத்தில் இணையம் வந்தது. 153 தளங்கள் மட்டும் திறக்கும். சில நாளில் 301 ஆயிற்று. மார்ச் மாதம்தான் பட்டியல் கைவிடப்பட்டது. 4ஜி திரும்ப 2021 பிப்ரவரி ஆனது.

தேர்ந்தெடுத்த தளங்கள், மெலிந்த வேகம், வெளியே போனால் சுவர். ஃபிரீ பேசிக்ஸின் அதே வடிவம்; எழுதிய கை மட்டும் வேறு. டிராய் விதிகள் நிறுவனங்கள் வைக்கும் கட்டணத்தை மட்டுமே கட்டுப்படுத்துபவை, அரசின் உத்தரவை அவை தொடவே இல்லை. 2015-இல் டிராய்க்கு எழுதிய எங்கள் கூட்டத்தில் எத்தனை பேர் இதற்காக ஒரு வரி எழுதினோம் என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிச்சமாகும்.

மறுபடியும் அந்தக் கடை

விலைப்போர் என்றைக்கும் நீடிக்காது. ஆட்டத்தில் இருந்தவர்கள் குறையக் குறைய விலை மெல்ல ஏறத் தொடங்கியது. 2024 ஜூலையில் பெரிய தனியார் நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கட்டணத்தை உயர்த்தின. நாட்டில் இணையச் சந்தாக்கள் 2015 டிசம்பரில் சுமார் 33 கோடி; 2024 மார்ச்சில் 95 கோடிக்கும் அதிகம். ஆனால் சந்தா எண்ணிக்கை வேறு, ஆள் கணக்கு வேறு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், ஒரு முறையாவது இணையத்தைப் பயன்படுத்தியதாகச் சொன்ன பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம்.

சென்ற ஆண்டு அந்த ரீசார்ஜ் கடைக்குப் போயிருந்தேன். சுவரில் கியூஆர் அட்டை மட்டும் ஒட்டியிருந்தது. பொத்தான் போன் வைத்திருந்த ஒரு முதியவர், பேசினால் போதும், நெட் வேண்டாம் என்று கடைக்காரரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். நெட் இல்லாத பேக் தாருங்கள் என்று அவர் கேட்டது அதிகப்படியானதல்ல. நிறுவனங்கள் எல்லா பேக்கிலும் டேட்டாவைச் சேர்த்து விற்றுப் பழகிவிட்டதால், குரல் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான பேக்கைக் கட்டாயம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய்க்கே தனி உத்தரவு போட வேண்டியிருந்தது.

கடைக்காரர் போனை நெருக்கமாகப் பிடித்து, பட்டியலைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். "இருக்கிறது ஐயா, இருங்கள், கடைசியில் எங்கேயோ வைத்திருக்கிறார்கள்" என்றார்.